பால் போதவில்லை என்றுதான் அழுகிறதா?

பிள்ளை பிறந்து பதினைந்து நாள்கூட ஆகியிராது. விளக்கு வைக்கும் நேரத்தில் அது அழத் தொடங்கும். மடியில் போட்டுப் பால் கொடுத்தால் நாலு வாய் குடிக்கும். விட்டுவிட்டு மறுபடியும் வீரிடும். தொட்டிலில் போட்டு ஆட்டினாலும் நிற்காது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டிலிருந்தோ, பார்க்க வந்த உறவினரிடமிருந்தோ, ஏன், பெற்ற தாயிடமிருந்தேகூட அந்த ஒரு வார்த்தை வந்து விழும்: "உனக்குப் பால் பத்தலடி. பிள்ளை பசியில துடிக்குது. கடையில ஒரு டின் வாங்கிக் கலக்கிக் கொடு."

பெற்றவள் மனம் அந்த ஒரு வார்த்தையில் சுருண்டு போகிறது. மறுநாள் டின் வருகிறது. டின்பால் குடித்து வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் குறைவாகக் குடிக்கிறது. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் தாய்ப்பால் சுரக்கும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறைந்துவிடும். இரண்டு மாதம் போவதற்குள் "எனக்குப் பாலே இல்லை" என்பது உண்மையாகவே ஆகிவிடுகிறது. மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அந்த டின்னுக்கே போகிறது.

இத்தனைக்கும் அந்தப் பிள்ளை அன்று மாலை பசியால்தான் அழுததா என்று கேட்டால், பல வீடுகளில் இல்லை என்பதே பதில். பிள்ளை ஒன்று சொல்ல, நாம் வேறொன்றாகப் புரிந்துகொண்டோம். பிறந்த குழந்தைக்குப் பேச்சு வராது. ஆனால் அது சும்மா கிடப்பதில்லை. கண்ணால், வாயால், கைவிரலால், தூங்கும் விதத்தால் நாள் முழுவதும் ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது.

முன்பெல்லாம் இதைப் படித்துச் சொல்ல ஆள் இருந்தார்கள். கெலாங் பாத்தா பக்கத்து வாசகர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ரப்பரும் செம்பனையுமாக இருந்த நாளில் லயத்தில் ஒரு பிள்ளை அழுதால் இடமும் வலமும் நாலு பாட்டிமார் எட்டிப் பார்ப்பார்கள். "இது தூக்க அழுகை, தோளில் போடு" என்று ஒருத்தி சொல்லிவிடுவாள். தாய் பெரட்டுக்குப் போனால் ஆயாக் கொட்டகையில் ஆயா இருப்பாள். பிறகு 1998-இல் தஞ்சோங் கூப்பாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு இரண்டாவது பாலம் திறந்தது. தஞ்சோங் பெலப்பாஸில் துறைமுகம் வந்தது. தோட்டத்து நிலங்கள் பலவும் தாமான்களாக மாறின. இன்று அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் அடுக்கு வீட்டிலும் தாமான் வீட்டிலும் குடித்தனம் நடத்துகிறார்கள். கணவன் விடியற்காலையிலேயே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போகிறான். பக்கத்து வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. பிள்ளை அழும்போது இருபத்திரண்டு வயதுத் தாய் தனியாக உட்கார்ந்து தானும் சேர்ந்து அழுகிறாள்.

நீரிணைக்கு அப்பால் ஒரு டாக்டரம்மா

டின்பாலின் கதை நம் பகுதிக்குப் புதிதல்ல. 1936-இல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். ஜமைக்காவில் பிறந்து ஆக்ஸ்ஃபர்டில் படித்தவர். அதற்கு முன் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்டில், இன்றைய கானாவில், வேலை பார்த்தபோது 'குவாஷியோர்கோர்' என்ற சத்துக்குறைவு நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர் இவர்தான். சிங்கப்பூரில் அவர் கண்டது என்ன? தாதி மாதிரி வெள்ளை உடுப்பு போட்ட பெண்கள், பிள்ளை பெற்ற வீடுகளைத் தேடிப் போய், தாய்ப்பாலைவிட டின்னில் அடைத்த இனிப்புப் பால்தான் நல்லது என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களை அனுப்பியவர்கள் பால் கம்பெனிக்காரர்கள். அந்தப் பாலில் சீனி இருந்தது. பிள்ளை வளர வேண்டிய கொழுப்பும் உயிர்ச்சத்தும் போதிய அளவு இல்லை. கலக்கிய தண்ணீரும் சுத்தமில்லை. பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் செத்தன.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் பேச அவரை அழைத்தார்கள். 'பாலும் கொலையும்' என்று பொருள்படும் தலைப்பைக் கொடுத்து, இப்படிக் குழந்தைகளைச் சாகவிடுவதைக் கொலை என்றே சொல்ல வேண்டும் என்று கேட்டவர்கள் முகத்துக்கு நேராகப் பேசினார். அழைத்தவர்கள் நெளிந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் அப்படிப் பேசத் துணிச்சல் வேண்டும்.

அடுத்து நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஜப்பானியர் படையெடுத்தபோது அவர் திரங்கானுவில் இருந்தார். அங்கிருந்து தப்பிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தவரைப் பிடித்துச் சாங்கி சிறையில் அடைத்தார்கள். மூன்றரை ஆண்டு. அரை வயிற்றுக் கஞ்சிக்கும் வழியில்லாத அந்த முகாமில் இருபது குழந்தைகள் பிறந்தன. டின்பாலுக்கு எங்கே போவது? இருபது பிள்ளைகளுக்கும் தாய்ப்பால்தான். இருபதும் பிழைத்தன என்று பின்னாளில் அவரே சொன்னார். எலும்பும் தோலுமாக இருந்த தாய்மாருக்கே பால் சுரந்தது என்றால், மூன்று வேளை சோறு உண்ணும் நம் பெண்ணுக்குச் சுரக்காதா? "பால் பத்தல" என்று சொல்லும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

உண்மையிலேயே பால் குறைந்த தாய்மாரும் உண்டு. நோயாலோ மருந்தாலோ பால் கொடுக்க முடியாதவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கிளினிக்கில் மிஸி சொன்னால் குழந்தைக்கென்று தயாரித்த மாவுப்பாலைச் சொன்ன அளவில் கொடுக்கலாம். தேத்தண்ணீருக்கு ஊற்றும் இனிப்புப் பால் மட்டும் எந்தக் காலத்திலும் குழந்தைக்கு உணவாகாது.

போதுமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அழுகையை வைத்து அல்ல, மூத்திரத் துணியை வைத்து. முதல் நாள் ஒரு துணி நனையும், இரண்டாம் நாள் இரண்டு. ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணிக்குக் குறையாமல் நனைய வேண்டும். முதலில் கறுப்பாகப் போகும் மலம் நாலைந்து நாளில் மஞ்சளாகிவிடும். பிறந்த எடையிலிருந்து முதல் சில நாளில் கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்துவிட்டால் சரி. இத்தனையும் சரியாக இருந்து மாலையில் மட்டும் பிள்ளை அழுகிறது என்றால், அது கேட்பது பாலாக இல்லாமல் வேறு ஏதாவதாக இருக்கலாம்.

ஆறு நிலைகள்

அந்த வேறு ஏதோ என்ன என்று தெரிய வேண்டுமானால், பிள்ளை ஒரு நாளை எப்படிக் கழிக்கிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் பெர்ரி பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். நூறு வயதை எட்டும் தறுவாயில் 2018-இல்தான் காலமானார். பிறந்த குழந்தையின் நடத்தையைச் சோதித்து அறியும் முறை ஒன்றை 1973-இல் அவர் வெளியிட்டார். குழந்தை நாள் முழுவதும் ஆறு நிலைகளில் மாறி மாறி இருக்கிறது என்பது அதில் ஒரு முக்கியமான பாடம்: ஆழ்ந்த தூக்கம், மேலோட்டமான தூக்கம், தூக்கக் கலக்கம், அமைதியான விழிப்பு, சிணுங்கல், அழுகை.

ஆழ்ந்து தூங்கும் பிள்ளை அசையாது. மூச்சு சீராக வரும். பாத்திரம் உருண்டாலும் விழிக்காது. இதில் யாருக்கும் குழப்பமில்லை.

குழப்பம் வருவது மேலோட்டமான தூக்கத்தில்தான். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறையப் பாதி இந்தத் தூக்கம். மூடிய இமைக்குள் கண் உருளும். உதடு சப்புக்கொட்டும். முகம் சுளிக்கும், திடீரென்று சிரிக்கும், முனகும், ஒரு சின்ன அழுகைகூட வரும். நரி வந்து விளையாட்டுக் காட்டுகிறது என்று பாட்டிமார் இதைத்தான் சொன்னார்கள். புதுத் தாய் என்ன செய்கிறாள்? பிள்ளை எழுந்துவிட்டது என்று அவசரமாகத் தூக்கிப் பால் கொடுக்கப் பார்க்கிறாள். அரைத் தூக்கத்தில் எழுப்பப்பட்ட பிள்ளை குடிக்காமல் எரிந்து விழுகிறது. "பாலே பிடிக்கவில்லை" என்று அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடிக்கிறோம்! முனகல் கேட்டால் இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். கண் திறக்காமல் மறுபடி அடங்கிவிட்டால் அது தூக்கம்தான்.

தூக்கத்தில் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப் போடுமே, அதைக் கண்டு பயந்து தாயத்துக் கட்ட ஓடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எர்னஸ்ட் மோரோ என்ற ஆஸ்திரிய மருத்துவர் 1918-இல் விவரித்த இயல்பான அசைவு அது. அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கு அது இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால்தான் டாக்டர் கவலைப்படுவார். நாலு முதல் ஆறு மாதத்துக்குள் தானாக மறைந்துவிடும். அப்படித் துள்ளும்போது பிள்ளையின் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து லேசாகப் பிடித்தால் அடங்கிவிடும்.

ஆறிலும் பொன்னான நேரம் அமைதியான விழிப்புதான். கண் அகலத் திறந்து பளிச்சென்று இருக்கும், கைகால் ஆட்டம் குறைந்திருக்கும். முதல் வாரங்களில் இது சில நிமிடங்களே நீடிக்கும். பிள்ளை உங்களைத் தெரிந்துகொள்வது இந்த நிமிடங்களில்தான். அப்போது சமையலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அதன் முகத்துக்கு நேரே உங்கள் முகத்தைக் கொண்டுபோங்கள். ஒரு முழத்துக்கும் குறைவான தூரம், இருபது முப்பது சென்டிமீட்டர், அவ்வளவுதான் அதற்குத் தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது மார்பிலிருந்து தாய் முகம் வரை உள்ள தூரமும் அதுவே என்பது இயற்கையின் கணக்கு! மெதுவாக நாக்கை நீட்டுங்கள், வாயைத் திறந்து மூடுங்கள். சில பிள்ளைகள் திருப்பிச் செய்வதுபோல் தெரியும். அது பார்த்துச் செய்வதுதானா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். தாய்க்குக் கிடைக்கும் மகிழ்ச்சியில் வாதமில்லை.

விளையாட்டு போதுமென்றாலும் பிள்ளை சொல்லிவிடும். முகத்தைத் திருப்பும், கொட்டாவி விடும், விக்கும், தும்மும், விரல்களை விசிறிபோல் விரிக்கும். சளி பிடித்துவிட்டது என்று நாம் தைலம் தேடுவோம். "கொஞ்சம் விடுங்கள்" என்கிறது அது. முப்பதாம் நாள் விருந்தில் இருபது பேர் கைமாற்றித் தூக்கிக் கொஞ்சி, தொலைக்காட்சியும் அலற, அன்று இரவு பிள்ளை விடிய விடிய அழுதால் கண்ணேறு என்று சுற்றிப் போடுகிறோம். சுற்றிப் போடுவது உங்கள் விருப்பம். இருட்டாக அமைதியாக ஓர் அறையில் பிள்ளையை வைத்துக்கொள்வது அதைவிடச் சீக்கிரம் பலன் தரும்.

பசியும் அப்படித்தான். அழுகைக்கு வெகுமுன்பே அது சொல்லிவிடுகிறது. தலையைப் பக்கவாட்டில் திருப்பித் தேடும், வாயைத் திறக்கும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், உதட்டைச் சப்பும். அப்போதே மார்பில் போட்டால் ஒழுங்காகப் பற்றிக் குடிக்கும். அழுது சிவந்த பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், எப்படிப் பற்றும்? முதலில் தோளில் போட்டுத் தேற்றிவிட்டுப் பிறகு கொடுங்கள். ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிப்பது சாதாரணம். மாலையில் அடிக்கடி, அரை மணிக்கொரு முறைகூடக் கேட்கும்.

சாயங்கால அழுகை

பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து அழுகை ஏறும். ஆறாவது வார வாக்கில் உச்சத்துக்குப் போகும். பிறகு இறங்கி, மூன்று நாலு மாதத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். உச்சத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம் அழும் பிள்ளைகளும் உண்டு. அதுவும் மாலையிலும் முன்னிரவிலும்தான் அதிகம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் இது உண்டு, புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்கும் உண்டு. டின்னை மாற்றினால் நிற்காது. ஆறாவது வாரத்தில் டின் வாங்கிக் கொடுத்த சில வாரத்தில் அழுகை தானாகக் குறைய, "பார்த்தாயா, டின் கொடுத்ததும் நின்றது" என்று டின்னுக்குப் பேர் கிடைத்துவிடுகிறது!

என்ன செய்யலாம்? தூக்கி வைத்துக்கொள்ளலாம். "எடுத்து எடுத்துப் பழக்காதே, இறங்காது" என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 1986-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹன்சிக்கர், பார் என்ற இரு மருத்துவர்கள், தாய்மாரில் ஒரு பகுதியினரைப் பிள்ளை அழாதபோதும் தினமும் வழக்கத்தைவிட அதிக நேரம் தூக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். ஆறாவது வாரத்தில் அந்தப் பிள்ளைகளின் அழுகை மற்றப் பிள்ளைகளைவிட 43 சதவீதம் குறைந்திருந்தது. அதற்கு முன்பே 1972-இல் பால்டிமோர் நகரில் பெல், எயின்ஸ்வர்த் என்ற இருவர் 26 தாய்மாரை வீடு தேடிப்போய் ஓராண்டு கவனித்திருந்தார்கள். அழுகைக்கு உடனே ஓடிவந்த தாய்மாரின் பிள்ளைகள் ஒரு வயதில் அதிகம் அழவில்லை, குறைவாகவே அழுதன. இதைப் பற்றிப் பின்னால் வாதப் பிரதிவாதங்கள் நடந்தன என்றாலும், தூக்கினால் பிள்ளை கெட்டுப்போகும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இடுப்பிலும் தோளிலும் பிள்ளையைச் சுமந்தே வேலை செய்த நம் பாட்டிமாருக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது.

ஆனால் ஒன்று. ஏற்கெனவே மிதமிஞ்சி அழும் பிள்ளைகளுக்குத் தூக்கி வைப்பது பெரிய பலன் தரவில்லை என்று அதே டாக்டர் பாரின் குழுவே 1991-இல் கண்டது. ஆகவே, எல்லாம் செய்தும் பிள்ளை அழுதால் உங்களை நொந்துகொள்ளாதீர்கள். காய்ச்சலில்லை, பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்றால் அது கடந்துபோகும் அழுகை. சீனித் தண்ணீர், ஓம நீர், வசம்பு உரைத்துக் கொடுப்பது எதுவும் வேண்டாம். சேனை வைக்கிறேன் என்று தேன் தொட்டு வைப்பது வேண்டவே வேண்டாம். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேனில் உள்ள ஒருவகைக் கிருமியால் உடம்பே செயலிழக்கும் அபாயம் உண்டு. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2001 முதல் சொல்லிவருகிறது.

குரலும் வாசனையும்

பிள்ளைக்கு நம்மை அடையாளம் தெரியுமா என்று பலர் கேட்கிறார்கள். கண்ணைவிடக் காதும் மூக்கும் முந்திக்கொள்கின்றன. கருவில் ஆறாவது மாத வாக்கிலேயே காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. 1980-இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள் ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் சப்பியைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல், வேறு விதமாகச் சப்பினால் அந்நியப் பெண்ணின் குரல் கேட்கும். பிள்ளைகள் தாயின் குரல் வரும்படியே சப்பின! 1986-இல் இன்னொரு சோதனையில், கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரம் தாய் சத்தமாகப் படித்த கதையை, பிறந்த பிள்ளை மற்றக் கதைகளைவிட விரும்பிக் கேட்டது. வளைகாப்பில் கை நிறைய வளையல் அடுக்குவது பிள்ளை சத்தம் கேட்கட்டும் என்றுதான் என்பார்கள் பெரியவர்கள். (வளையலைப் பேரில் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? கெலாங் என்றால் வளையல்; பாத்தா என்றால் உடைந்தது.) தாலாட்டையும் ஏழாம் மாதத்திலிருந்தே பாடத் தொடங்கலாம். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற கவலை வேண்டாம். ஒரே பாட்டைத் தினமும் பாடுங்கள்.

வாசனையும் அப்படியே. ஆறு நாள் பிள்ளை தன் தாயின் பால் நனைந்த துணியின் பக்கம், வேறொருத்தி துணியைவிட அதிகம் திரும்பியதை 1975-இல் மக்ஃபர்லேன் என்பவர் எழுதினார். குளித்ததும் வாசனைப் பவுடரை மார்பில் கொட்டிக்கொள்ளும் தாய்மார் இதைக் கவனிக்கட்டும்.

எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் நம் வழக்கமும் நல்லதே. தாய் முகமும் பிள்ளை முகமும் நேருக்கு நேர் இருக்கும் நேரம் அது. மூக்கில் காதில் எண்ணெய் ஊற்றுவது, மூக்கை ஊதுவது, சாம்பிராணிப் புகை மண்டவிடுவது இவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். தூங்கப் போடும்போது மல்லாக்கப் போடுங்கள். பிள்ளை தாடை நெஞ்சில் இடிக்க மடங்கிக் கிடக்கும் சேலைத் தொட்டிலில் இரவெல்லாம் விட வேண்டாம். ஸ்பிரிங் தொட்டிலை வேகமாக ஆட்டவும் வேண்டாம்.

அழாத பிள்ளை

அழுகிற பிள்ளையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறோம். அழாமல் தூங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளையைப் பார்த்து, "தங்கமான பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று மெச்சுகிறோம். பயப்பட வேண்டியது இங்கேதான்.

முதல் வாரத்தில் பிள்ளை பாலுக்கு எழாமல், எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு தூங்கினால் மஞ்சள் காமாலை ஏறியிருக்கலாம். கறுத்த நிறப் பிள்ளைகளுக்கு மஞ்சள் சட்டென்று தெரியாது. பகல் வெளிச்சத்தில் நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். காமாலை மிகவும் ஏறினால் மூளையைத் தாக்கிச் செவிடாக்கும், முடமாக்கும், உயிரையும் எடுக்கும். வெயிலில் காட்டுவது இதற்கு மருந்தல்ல. மருத்துவமனையில் நீல வெளிச்சத்தில் வைப்பார்கள். நம் நாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் 'ஜி6பிடி' குறைபாடு உண்டா என்று பார்க்கிறார்கள். அது இருக்கும் பிள்ளைக்குப் பாச்சை உருண்டை ஆகாது. அலமாரியில் உருண்டை போட்டு வைத்த பழந்துணியைப் பாசத்தோடு எடுத்துப் போர்த்துவதே இரத்தத்தைச் சிதைத்துக் காமாலையை ஏற்றிவிடும். பிள்ளை பெற்ற வீட்டில் உருண்டையே இருக்க வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகைக் காய்ச்சல், மூச்சிரைப்பு, வலிப்பு, பச்சை வாந்தி, தொப்புளில் சீழ், வழக்கமில்லாத கீச்சென்ற அழுகை, துவண்ட உடம்பு — எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் போய்விட வேண்டும். பிரசவத்துக்குப் பின் அரசாங்க மிஸிமார் வீடு தேடி வருகிறார்கள். அவர் வரும்போது பிள்ளையின் எடையோடு, நீங்கள் கவனித்ததையும் சொல்லுங்கள். "நேற்றிலிருந்து எழுப்பினால்தான் குடிக்கிறது" என்ற உங்கள் ஒரு வார்த்தையில் அவருக்கு எவ்வளவோ புரியும். கெலாங் பாத்தா சுகாதாரக் கிளினிக்கில் பிள்ளையின் புத்தகத்தைக் காட்டிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பாசம் உடனே வருமா?

பிள்ளையைக் கையில் கொடுத்ததும் பாசம் பொங்கும் என்று சினிமாவில் பார்க்கிறோம். பல தாய்மாருக்கு அப்படி வருவதில்லை. வலி, அசதி, ஒரு விதமான திகைப்பு, அவ்வளவுதான். "எனக்கு ஏன் ஒன்றுமே தோன்றவில்லை" என்று வெளியில் சொல்லவும் வெட்கம். 1976-இல் கிளாஸ், கென்னல் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், பிறந்த முதல் மணி நேரங்களிலேயே தாயையும் சேயையும் சேர்த்து வைக்க வேண்டும் என்று வலியுறுத்தி ஒரு புத்தகம் எழுதினார்கள். மருத்துவமனைகள் பிள்ளையைத் தனி அறைக்குத் தூக்கிச் செல்லும் வழக்கம் மாறுவதற்கு அது பெரிதும் உதவியது. ஆனால் அந்த முதல் மணி தவறினால் பாசமே ஒட்டாது என்று சிலர் பயந்துவிட்டார்கள். அது சரியில்லை என்று அவர்களே பிறகு விளக்கினார்கள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தவர்களும், காமாலைக்காகப் பிள்ளையைப் பிரிந்திருந்தவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. பால் கொடுத்து, துணி மாற்றி, முகம் பார்த்து நாள்படத்தான் ஒட்டுதல் வளர்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் உங்களைப் பார்த்தே ஒரு சிரிப்பு சிரிக்குமே, பல தாய்மார் "அன்றைக்குத்தான் இது என் பிள்ளை என்று தோன்றியது" என்பார்கள்.

மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவதும் இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்காமல், தூக்கமில்லாமல், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல், உயிரை விடலாமா என்ற நினைப்பு வந்தால் அது நோய். காத்துக் கருப்பு அல்ல. பூசாரியிடம் போகும் முன் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மருத்துவம் இருக்கிறது.

அப்பாக்களுக்கு

தாயின் குரலைப் பிள்ளை அறியும் என்று கண்ட அதே டிகாஸ்பர், 1984-இல் தந்தையரின் குரலையும் சோதித்தார். பிறந்த பிள்ளை அப்பாவின் குரலுக்கென்று தனி விருப்பம் எதுவும் காட்டவில்லை. கருவில் இருந்தபோது தாயின் குரல்போல அது உள்ளே போய்ச் சேரவில்லை. ஆகவே அப்பாக்கள் பிறந்த பிறகுதான் அறிமுகமாக வேண்டும். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு, சட்டையில்லாத நெஞ்சில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு அரை மணி பேசுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் அன்றைய வேலைக் கதையைச் சொல்லுங்கள். பிள்ளைக்கு எதுவும் சரிதான். சிகரெட் மட்டும் வேண்டாம், சட்டையில் ஒட்டிய புகையும் வேண்டாம்.

இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை வீரிட, நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டியவனுக்குக் கோபம் வரும். கோபத்தில் பிள்ளையைப் பிடித்துக் குலுக்கிவிடாதீர்கள். கழுத்து நிற்காத பிள்ளையின் மூளையில் இரத்தம் கசிந்து, பார்வை போனதும் உயிர் போனதும் உண்டு. பொறுக்க முடியாவிட்டால் பாதுகாப்பாக மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வாசலில் போய் நில்லுங்கள். அழுது பிள்ளை சாகாது.

தொழிலாளர் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்திருக்கின்றன. தாய்க்குப் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. ஆறாவது வார அழுகை வீட்டில் இருக்கும்போதே வந்து போய்விடும். வேலைக்குத் திரும்பும் முன் பாலைக் கையால் பீய்ச்சி எடுக்கும் முறையை மிஸியிடம் கேட்டுப் பழகிக்கொள்ளலாம். தந்தைக்கும் 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு; முதல் ஐந்து பிள்ளைகள் வரை. சட்டப்படி மணமானவராக, அதே முதலாளியிடம் 12 மாதமாவது வேலை செய்தவராக இருக்க வேண்டும். பிள்ளை பிறக்கும் நாளுக்கு 30 நாள் முன்பாகவோ, பிறந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரமாகவோ தெரிவிக்க வேண்டும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் கிராணியிடம் வாயால் சொல்லிவிட்டு வராமல் எழுதிக் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாலம் தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு நம் நாட்டுச் சட்டம் அங்கே செல்லாது. அவர்கள் ஆண்டு விடுப்பில் சில நாளைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. அந்த விடுப்பில் பார்க்க வருபவர்களுக்குத் தேத்தண்ணீர் கலக்குவதும், இரவில் ஒரு முறையாவது ஈரத்துணி மாற்றுவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும்.